பசும்பால் புரதம் ஒவ்வாத கைக்குழந்தைக்கு எந்தப் பால்?

கைக்குழந்தைக்குப் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சொன்ன அன்றே வீட்டில் யோசனைகள் வரிசைகட்டி நிற்கும். ஆட்டுப் பால் கொடுத்துப் பார்க்கலாம் என்பார் பாட்டி. நாட்டு மாட்டின் ஏ2 பால் ஆகாதா என்று கேட்பார் பக்கத்து வீட்டுக்காரர். மருந்துக் கடைக்காரர் லாக்டோஸ் இல்லாத பவுடர் ஒன்றையும் சோயா பவுடர் ஒன்றையும் எடுத்து மேசையில் வைப்பார். மருத்துவர் எழுதிய சீட்டிலோ 'எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரோலைஸ்டு' என்ற, விலையில் இவற்றையெல்லாம் மிஞ்சும் ஒன்று இருக்கும். விலையும் பழக்கமும் இந்த முடிவை எடுக்க விடக் கூடாது. நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு புரதத்தை எதைக் கொண்டு அடையாளம் காண்கிறது என்பதை வைத்தே இதைத் தீர்மானிக்க வேண்டும். அது விளங்கிவிட்டால் மேற்சொன்ன யோசனைகளில் பாதி தாமாகவே விலகிவிடும்.

லாக்டோஸ் இல்லாத பவுடரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். லாக்டோஸ் ஒரு சர்க்கரை. குடலில் லாக்டேஸ் நொதி குறையும்போது அது செரிக்காமல் தொல்லை தருகிறது, அந்தத் தொல்லையில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கே இல்லை. சர்க்கரையை நீக்கிய அந்தப் பாலில் பசுவின் புரதம் அப்படியே இருக்கிறது. பெயர்களின் குழப்பத்தால் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிவிட்டு, 'பாலை மாற்றியும் பயனில்லை' என்று மனம் சோர்ந்துபோகும் பெற்றோர் பலர் இருப்பதால்தான் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிப் புரதத்துக்கு வருவோம். பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 3.3 கிராம் புரதம் உண்டு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன் வகைகள். பால் திரிந்தபின் தெளிந்து நிற்கும் நீரில் தங்குபவை வே புரதங்கள். வே புரதங்களில் முதன்மையான பீட்டா லாக்டோகுளோபுலின் புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள் 162 கோத்து அமைந்தது, எடை ஏறத்தாழ 18,400 டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு). மனிதத் தாயின் மார்பில் இந்தப் புரதம் சுரப்பதே இல்லை என்பதால் குழந்தையின் உடலுக்கு இது முற்றிலும் அந்நியமானது. ஆனால் அந்நியமான எல்லாவற்றையும் உடல் எதிர்ப்பதில்லை. நாம் உண்ணும் பருப்பும் மீனும் அந்நியப் புரதங்களே. பெரும்பாலான குழந்தைகளின் குடல் அவற்றைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. சிலரிடம் மட்டும் அந்தப் பழக்கம் கைகூடாமல், பால் புரதம் தாக்க வந்த ஒன்றாகப் பதிவாகிவிடுகிறது.

அப்படிப் பதிவு செய்வதற்கு உடலிடம் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ள உடல் உருவாக்கும் புரதமான எதிர்ப்பொருளின் வழி. எதிர்ப்பொருள் ஒரு புரதத்தை முழுதாக அறிவதில்லை. அதன் மேற்பரப்பில் சில அமினோ அமிலங்கள் சேர்ந்து உருவாக்கும் ஒரு சிறு இடத்தை மட்டுமே பற்றுகிறது. அந்த இடத்துக்கு எபிடோப் என்று பெயர். புரதம் சுற்றிய நூல்கண்டு போன்றது: கண்டின் மேற்பரப்பில் அருகருகே தெரியும் இரண்டு இழைகள், நூலைப் பிரித்தால் வெகு தொலைவில் இருக்கும். மடிப்பினால் அருகருகே வந்த பகுதிகளால் ஆன எபிடோப், மடிப்பு குலைந்தால் காணாமல் போய்விடும். வரிசையில் அடுத்தடுத்து அமைந்த அமினோ அமிலங்களால் ஆன எபிடோப் மடிப்பு குலைந்தாலும் அப்படியே நிற்கும். பீட்டா லாக்டோகுளோபுலின் இறுக மடிந்த புரதம், ஆகவே அதில் முதல் வகைக்கு முக்கியத்துவம் அதிகம். கேசீன் இயல்பிலேயே தளர்ந்து கிடப்பது, ஆகவே அதில் இரண்டாம் வகையே மிகுதி. இந்த வேறுபாடு பின்னால் நமக்குப் பெரிதும் உதவும்.

உடனடியாகத் தடிப்பும் வீக்கமும் மூச்சிரைப்பும் வரவழைக்கும் எதிர்ப்பொருள் ஐஜிஇ. 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கிமிஷிகே இஷிசாகாவும் அவர் மனைவி தெருகோ இஷிசாகாவும் இதைப் பிரித்து அடையாளம் கண்டார்கள். அதே காலத்தில் ஸ்வீடனில் வேறு ஆய்வாளர்களும் தனியாகக் கண்டறிந்தார்கள். ஐஜிஇ தோலிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்களின் மேல் முன்கூட்டியே ஒட்டிக் காத்திருக்கும். பால் புரதம் வந்து ஒரே ஓர் ஐஜிஇயில் ஒட்டினால் எதுவும் நடக்காது. அந்தப் புரதம் ஒரே நேரத்தில் இரண்டு ஐஜிஇகளைப் பற்றி, அவற்றுக்கு இடையே பாலமாக நின்றால்தான் செல் ஹிஸ்டமின் என்னும் அழற்சிப் பொருளைக் கொட்டும். அதாவது, ஒவ்வாமையைத் தூண்டும் துண்டு, இரண்டு எபிடோப்புகளுக்கு இடம் கொடுக்கும் அளவுக்காவது நீளமாக இருந்தாக வேண்டும். ஒரு குழந்தைக்கான பாலைத் தேர்வதில் இதைவிட முக்கியமான செய்தி இல்லை என்பது என் கருத்து.

இரண்டாவது, வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்லின் வழி. டி செல்லுக்கு முழுப் புரதம் கண்ணுக்கே தெரியாது. டென்ட்ரிடிக் செல் போன்ற ஒன்று புரதத்தை விழுங்கி, உள்ளே நறுக்கி, கிடைத்த பெப்டைடு என்னும் சிறு துண்டை எம்எச்சி என்னும் தாங்கியில் வைத்து வெளியே காட்டினால்தான் டி செல் அதைப் படிக்கும். தன் உடலின் தாங்கியும் அதில் அமர்ந்த அந்நியத் துண்டும் சேர்ந்தே படிக்கப்படுகின்றன என்பதை 1970களில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டொஹெர்ட்டியும் வைரஸ் தொற்றிய எலிகளில் காட்டினார்கள். 1996இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. உணவுப் புரதங்களைக் காட்டும் இரண்டாம் வகை எம்எச்சியில் பொதுவாக 13 முதல் 25 அமினோ அமில நீளமுள்ள துண்டுகள் அமர்கின்றன. அவற்றின் நடுவே பள்ளத்தில் இறுகப் பொருந்துவது ஏறத்தாழ 9 அமினோ அமிலம்தான். எனவே டி செல்லின் வழிக்கு மடிப்பு ஒரு பொருட்டே அல்ல, அதற்கு வேண்டிய துண்டும் ஐஜிஇ வழிக்கு வேண்டியதைவிடக் குட்டையானது. பால் குடித்துச் சில மணி நேரமோ சில நாளோ கழித்து மலத்தில் சளியும் இரத்தக் கீற்றும் தெரிவதும், ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஓயாத வாந்தி எடுப்பதும், எடை ஏறாமல் நிற்பதும் ஐஜிஇ சேராத இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை.

இப்போது யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். ஆட்டுப் பால், எருமைப் பால், ஏ2 பால் மூன்றும் விலங்கை மாற்றிப் பார்க்கும் வழிகள். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் கேசீன்களில் அமினோ அமில வரிசை பெரும்பகுதி ஒன்றேதான். வரிசை ஒன்றானால் எபிடோப்பும் ஒன்றே. இத்தாலியில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில், பசும்பால் ஒவ்வாமை உறுதியான 26 குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில் ஆட்டுப் பால் கொடுத்தபோது 24 பேருக்கு ஒவ்வாமை வந்தது. ஆட்டுப் பாலில் ஃபோலேட் என்னும் வைட்டமினும் மிகக் குறைவு, அதை மட்டுமே குடித்து வளரும் குழந்தைக்கு இரத்தசோகை வரலாம். 'இலேசான பால்' என்ற நம்பிக்கை எவ்வளவு பழையதாக இருந்தாலும், ஒவ்வாமைக்கு இது மாற்று ஆகாது.

ஏ2 பாலின் கதை இன்னும் தெளிவானது. பீட்டா கேசீன் என்னும் புரதம் 209 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் 67ஆவது இடத்தில் ஏ1 வகையில் ஹிஸ்டிடினும் ஏ2 வகையில் ப்ரோலினும் இருக்கின்றன. வேறுபாடு அந்த ஓரிடத்தில் மட்டும்தான். மிச்சமுள்ள 208 இடங்களிலும் மாற்றமில்லை. இவ்வகைகளுக்கிடையே செரிமானத்தில் வேறுபாடு உண்டா என்ற விவாதம் தனியானது, அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை. புரத ஒவ்வாமையைப் பொறுத்தவரை மற்ற கேசீன்களும் பீட்டா லாக்டோகுளோபுலினும் அதே பாலில் அதே அளவில் இருக்கின்றன. ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு நாட்டு மாட்டுப் பால் என்று நம்பி ஒரு பாலாடை கொடுப்பதுகூட ஆபத்தாக முடியலாம்.

நன்றாகக் காய்ச்சினால் போதாதா என்ற கேள்வியும் எழும். சூடு மடிப்பைக் குலைக்கும், ஆகவே பீட்டா லாக்டோகுளோபுலினின் மடிப்பு எபிடோப்புகள் ஓரளவு அழியும். கேசீனுக்கோ குலைய மடிப்பே இல்லை. அடுப்பில் எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் கேசீனின் தொடர் எபிடோப்புகள் அப்படியே இருக்கும். மாவுடன் பிசைந்து அடுமனைச் சூட்டில் அரை மணி நேரம் வெந்த கேக்கில் உள்ள பாலை ஐஜிஇ வகை ஒவ்வாமை உள்ள பல குழந்தைகள் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது உண்மை. மேலை நாடுகளின் ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தாங்கினார்கள். அதை மருத்துவமனையில் சோதித்தே சொல்ல முடியும். காய்ச்சிய பாலுக்கோ பால்கோவாவுக்கோ அந்த விதியை நீட்ட முடியாது.

கழுதைப் பாலைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுத் தெருக்களில் கழுதையை ஓட்டிவந்து, சங்கில் கறந்து பச்சைக் குழந்தைக்கு ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கழுதைப் பாலில் கேசீன் குறைவு, அதன் வரிசையும் பசுவிடமிருந்து நன்கு விலகியது. இத்தாலியில் நடந்த ஆய்வுகளில் பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பான்மையினர் இதைத் தாங்கினார்கள். ஆனால் அங்கே கொடுக்கப்பட்டது சோதித்துச் சூடாக்கிய, கொழுப்பு சேர்த்துச் சமன் செய்யப்பட்ட பால். தெருவில் கறந்த பச்சைப் பாலில் கிருமிக்கும் தடையில்லை, கொழுப்பும் போதாது. எனவே அறிவியல் ஓரளவு ஆதரித்தாலும், நம் தெருவில் கிடைக்கும் வடிவில் இதைத் தேர்வாகக் கருத முடியாது.

சோயா பவுடரின் வரிசை பசுவுடன் தொடர்பற்றது, விலையும் மலிவு. ஆனாலும் ஐஜிஇ வகை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்வதில்லை, ஐஜிஇ சேராத வகையில் இது இன்னும் கூடும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வழிகாட்டிகள் இதைப் பரிந்துரைப்பதில்லை. 6 மாதம் கடந்தபின், பணம் பெரிய தடையாக உள்ள வீட்டில், மருத்துவர் ஒப்புதலோடு இது நியாயமான தேர்வு. பாதாம் பாலும் தேங்காய்ப் பாலும் கைக்குழந்தைக்குரிய பாலாக ஆகாதவை. அவற்றில் புரதமே போதாது.

அடுத்து, புரதத்தையே நறுக்கிக் கொடுக்கும் பவுடர்கள். இங்கேதான் பெற்றோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் ஒரே 'ஹைட்ரோலைஸ்டு' என்ற சொல்லுக்குக் கீழே முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள் விற்கின்றன. 'பார்ஷியலி' என்று போட்டது அரைகுறையாக நறுக்கியது. அதில் உள்ள துண்டுகள் பல, இரண்டு ஐஜிஇகளுக்கு இடையே பாலம் போடும் அளவுக்கு நீளமானவை. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இது சாதாரணப் பவுடரைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது அல்ல, டப்பாவின் மேல் 'எச்ஏ' (ஹைப்போ அலர்ஜெனிக், அதாவது ஒவ்வாமை குறைந்தது) என்று பொறித்திருந்தாலும் கூட.

'எக்ஸ்டென்சிவ்லி' என்று போட்டதில் நொதிகளால் நீண்ட நேரம் நறுக்கி, சூடாக்கி, பின் மிக நுண்ணிய வடிகட்டியில் பெரிய துண்டுகளைப் பிரித்துவிடுகிறார்கள். பெரும்பாலான துண்டுகள் 3,000 டால்டனுக்குக் கீழ் இருக்கும். ஓர் அமினோ அமிலத்துக்குச் சராசரி 110 டால்டன் என்று வைத்துக்கொண்டால், அதிகபட்சம் 27 அமினோ அமிலம். மிகுதியானவை அதிலும் பாதிக்குக் கீழ். 162 அமினோ அமிலப் புரதத்தை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். இரண்டு எபிடோப்புக்கு இடமில்லாத துண்டால் மாஸ்ட் செல்லைத் தூண்ட இயலாது. ஆனாலும் நீளமான துண்டு ஒருசில வடிகட்டியைத் தாண்டிவிடலாம். டி செல்லுக்கோ குட்டைத் துண்டே போதும். ஒவ்வாமை உறுதியான குழந்தைகளில் குறைந்தது 90 விழுக்காட்டினர் தாங்குவதை 95 விழுக்காடு உறுதியோடு காட்டினால்தான் ஒரு பவுடரைச் சிகிச்சைக்குரியது எனலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அளவுகோல் வைத்தது. மிஞ்சிய 10 விழுக்காடு வரையிலானோரிடம் தொல்லை தொடர்வதற்கு மேற்சொன்னவை முக்கியக் காரணங்கள்.

நறுக்கும்போது நீரை விலக்கும் அமினோ அமிலங்கள் வெளிப்பட்டு வருவதால் இதன் சுவை கசப்பு, மணமும் சற்று உறுத்தலானது. முதல் 3, 4 மாதங்களில் தொடங்கிய குழந்தைகள் சங்கடமின்றிக் குடித்துவிடுகிறார்கள். 7 மாதக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த நேரத்தில் 'சேரவில்லை' என்று முடிவு கட்டாமல், சில நாள்களாகப் பழைய பாலோடு கலந்து விகிதத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் உடனடி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இந்தக் கலப்பு கூடவே கூடாது.

கடைசியாக அமினோ அமிலப் பவுடர். இதில் பெப்டைடே இல்லை, தனித்தனி அமினோ அமிலங்கள் மட்டுமே உள்ளன. எதிர்ப்பொருள் பற்ற எபிடோப் இல்லை, எம்எச்சியில் அமர துண்டு இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இரண்டு வழிகளும் இங்கே மூடப்படுகின்றன. அப்படியானால் எல்லாருக்கும் இதையே தரலாமே என்று தோன்றும். விலை சாதாரணப் பவுடரைப் போலப் பல மடங்கு. பல ஊர்களில் சொல்லிவைத்தே வாங்க வேண்டும். அதைவிட முக்கியமாக, சகிப்புத்தன்மை என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் புரதத்தின் துண்டுகளைக் கண்டு, தாக்காமல் விடப் பழகுவதால் வருவது. துண்டே வராத வயிற்றில் அந்தப் பழக்கம் எப்படி வரும் என்ற கேள்வி இருக்கிறது. எக்ஸ்டென்சிவ் வகையைக் குடித்த குழந்தைகளிடம் சகிப்பு சற்று விரைவாக வருவதாகச் சில ஆய்வுகள் காட்டினாலும், அவற்றில் சேர்த்த புரோபயாடிக் கிருமியின் பங்கும் உள்ளதால் இதை உறுதியான வாதமாகக் கொள்ள முடியாது. ஆகவே அனாபிலாக்சிஸ் என்னும் உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை கண்ட குழந்தை, எடை ஏறாமல் மெலிந்த குழந்தை, எக்ஸ்டென்சிவ் பவுடரிலும் இரத்தக் கீற்று நிற்காத குழந்தை ஆகியோருக்கு இதை வைத்துக்கொள்வதே சரி என்று நான் எண்ணுகிறேன்.

இவ்வளவும் தாய்ப்பால் கிடைக்காத அல்லது போதாத குழந்தைக்கே. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒவ்வாமை வந்தால், தாயின் பாலை நிறுத்தச் சொல்லும் பேச்சை ஏற்கக் கூடாது. தாய் குடித்த பசும்பாலில் இருந்து புரதம் தாய்ப்பாலில் கசிவது உண்மை, ஆனால் அந்த அளவு மில்லிக்கு நானோகிராம் கணக்கில்தான். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பொருட்டல்ல. இந்தக் கசிவே தொல்லை என்று ஐயம் வலுவாக இருந்தால் மட்டும், தாய் 2 முதல் 4 வாரம் பால், தயிர், மோர், பன்னீர், பால் சேர்த்த இனிப்பு ஆகியவற்றை விலக்கிப் பார்க்கலாம். நெய்யிலும் கேசீன் மிச்சம் இருக்கும். பாக்கெட் பண்டங்களில் பால் கலந்திருந்தால் லேபிளில் அறிவிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கோருகின்றன, அதைப் படித்து வாங்கலாம். விலக்கும் நாள்களில் தாய்க்குக் கால்சியம் குறையக் கூடாது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, எள்ளும் நெத்திலியும் கீரையும் சேரலாம், மாத்திரையும் எடுக்கலாம். விலக்கியும் குழந்தையிடம் மாற்றமே இல்லை என்றால் தாயின் உணவைப் பழையபடி திருப்பிவிட வேண்டும். காரணமின்றி மாதக்கணக்கில் பாலை விலக்கி மெலியும் தாய்மார்களைக் காண்பது வருத்தமாக இருக்கிறது.

எனவே முடிவு குழந்தைக்குக் குழந்தை மாறும். தாய்ப்பால் உண்டா என்பது முதல் கேள்வி. இருந்தால் அது தொடரட்டும். இல்லையெனில், தடிப்பு, முகவீக்கம், வாந்தி என ஐஜிஇ அறிகுறிகள் மிதமாக இருந்தாலும், மலத்தில் இரத்தக் கீற்று மட்டும் உள்ள நலமான குழந்தையாக இருந்தாலும், எக்ஸ்டென்சிவ் பவுடரே முதல் தேர்வு. இரண்டு வகையிலும் முதல் குவளையை மருத்துவர் சொல்லும் இடத்தில் கொடுப்பது நல்லது. குறிப்பாக உடனடி ஒவ்வாமை உள்ளவருக்கு, மூச்சிரைப்பு வந்தால் தொடையில் அட்ரினலின் ஊசி போட வசதியுள்ள இடமாக அது இருக்க வேண்டும். மூச்சுத்திணறல் முன்பே வந்திருந்தால் நேராக அமினோ அமிலப் பவுடர்.

இந்தத் தேர்வு தொடங்கும் முன்னர் நோயை உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம். பாலை 2 முதல் 4 வாரம் விலக்கி அறிகுறி மறைகிறதா என்று பார்த்து, பிறகு மீண்டும் கொடுத்து அறிகுறி திரும்புகிறதா என்று பார்ப்பதே உறுதியான சோதனை. உடனடி வகையில் இந்தத் திரும்பக் கொடுத்தல் மருத்துவமனையில் மட்டும். தோல் குத்துச் சோதனையும் இரத்தத்தில் பாலுக்குரிய ஐஜிஇ அளவும் உடனடி வகைக்கு உதவும், ஐஜிஇ சேராத வகைக்குப் பயன்படாது. உணவு ஒவ்வாமைக்கென்று விற்கும் ஐஜிஜி சோதனைகளுக்குப் பணம் செலவிட வேண்டாம். வேறு வகை எதிர்ப்பொருளான ஐஜிஜி, உண்ட உணவை உடல் அறிந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும், ஒவ்வாமையைச் சொல்லாது.

மாற்றுப் பாலைத் தொடங்கிய பின், குறைந்தது 6 மாதமோ, 9 முதல் 12 மாத வயதோ வரும் வரை விலக்கிவைத்து, அதற்குப் பின்னர் பசும்பால் புரதத்தை மீண்டும் சோதிக்க வேண்டும். ஐஜிஇ சேராத வகையில் பெரும்பாலான குழந்தைகள் 3 வயதுக்குள் பாலைத் தாங்கிவிடுகிறார்கள். ஐஜிஇ வகையில் அது மெதுவாகவே நடக்கும். ஆண்டுக்கொரு முறை ஐஜிஇ அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் மருத்துவமனையில் முதலில் மாவுடன் வெந்த பால், பிறகு தயிர், கடைசியில் சாதாரணப் பால் என்ற படிகளில் போவது வழக்கம். கேக்கில் தாங்கிய குழந்தை டம்ளர் பாலில் தாங்கும் என்று எண்ணி வீட்டிலேயே இந்தப் படிகளைத் தாண்டிவிடக் கூடாது.